கதிரியக்க ஃப்ளூரினும் நிமிடக் கணக்கும்

(பாறசாலையில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரச் சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் கலந்து புழங்குகின்றன. 1956 நவம்பர் 1 முதல் மாநில எல்லை களியக்காவிளையை ஒட்டிச் செல்கிறது. எனினும் புற்றுநோய் என்றதும் எல்லையின் இருபுறத்தாரும் நாடுவது பெரும்பாலும் திருவனந்தபுரத்தையே. 1981-இல் நிறுவப்பெற்ற மண்டலப் புற்றுநோய் மையம் அங்கே உள்ளது. நோய் எங்கெங்கு பரவியுள்ளது என்றறிய மருத்துவர்கள் ‘பெட் ஸ்கேன்’ எடுக்கச் சொல்வதுண்டு. அதற்கு வேண்டிய மருந்தைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். பொருளியல் பயின்றவனுக்கு இம்மருந்தில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். இருப்பு வைக்கவே இயலாத சரக்கு இது என்பதுதான் காரணம்.

இருப்பு வைக்க இயலாத சரக்கு

ஆக்சிஜன்-18 செறிந்த நீரின்மீது சைக்ளோட்ரான் எனும் எந்திரம் புரோட்டான்களை மோதச் செய்கிறது. அதில் ஃப்ளூரின்-18 பிறக்கிறது. இதனைக் குளுக்கோஸ் போன்றதொரு மூலக்கூறில் ஏற்றினால் எஃப்.டி.ஜி. கிடைக்கும். சர்க்கரையை மிகுதியாக உண்ணும் புற்று உயிரணுக்கள் இதனையும் ஈர்த்துக்கொள்கின்றன. அங்கிருந்து வெளிப்படும் பாசிட்ரான், எலெக்ட்ரானைச் சந்தித்து அழியும்போது எதிரெதிர்த் திசைகளில் இரு காமாக் கதிர்கள் புறப்படுகின்றன. அவற்றைப் பிடித்துக் கருவி படம் வரைகிறது.

ஃப்ளூரின்-18-இன் அரை ஆயுட்காலம் சுமார் 110 நிமிடங்கள். ஒரு நாள் கழிந்தால் ஏறத்தாழ ஒன்பதாயிரத்தில் ஒரு பங்கே எஞ்சும். நோயாளியின் உடலில் கதிரியக்கம் நெடுநாள் தங்காது என்பது இதன் நன்மை. உற்பத்தியாளருக்கோ இதுவே நெருக்கடி. 1976-இல் மனிதரிடம் முதன்முதலாகச் சோதிக்கப்பட்ட எஃப்.டி.ஜி., அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் தயாராகி, பிலடெல்பியாவுக்கு விமானத்தில் கொண்டு செல்லப்பட்டது. நம் நாட்டின் முதல் மருத்துவ சைக்ளோட்ரான் 2002-இல் மும்பையில் இயங்கத் தொடங்கியது. 2018-இல் கொல்கத்தாவில் அதனினும் பெரியது செயற்பட்டது.

இழையைப் பிணைக்கும் வேதியியல்

எஃப்.டி.ஜி. எல்லா வினாக்களுக்கும் விடை தராது. குறிப்பிட்ட நோயணுவைத் தேடிச் சென்று ஒட்டும் பெப்டைடுகள் வேண்டும். ஆனால் ஃப்ளூரைடு, நீருள்ள இடத்தில் வினைபுரியத் தயங்கும். அதனை உலர்த்திச் சூடேற்ற வேண்டும். மென்மையான பெப்டைடு அச்சூட்டைத் தாங்காது.

இங்கேதான் கிளிக் வேதியியல் கைகொடுக்கிறது. நெய்யாற்றின்கரை வட்டத்துப் பாலராமபுரத்தில் தறியில் இழை அறுந்தால் நெசவாளர் என்ன செய்கிறார்? துணி முழுவதையும் இறக்குவதில்லை. இரு முனைகளையும் தேடிப் பிடித்து முடிச்சிடுகிறார். அதுபோல ஒரு மூலக்கூறில் அசைடு என்ற முனையையும், மற்றதில் ஆல்கைன் என்ற முனையையும் அமைத்துவிட்டால், செம்பு வினையூக்கியின் துணையால் அவ்விரண்டும் மட்டுமே இணையும். பிற பகுதிகள் தீண்டப்படுவதில்லை. நீரிலும், அறை வெப்பநிலையிலும் இவ்வினை நிகழும். இதனை உருவாக்கிய ஷார்ப்லெஸ், மெல்டால் ஆகியோருக்கும், செம்பின்றி உயிரணுக்களிலேயே இதை நிகழ்த்திக் காட்டிய பெர்டோசிக்கும் 2022-இல் நோபெல் பரிசு கிட்டியது.

ஆகவே ஃப்ளூரினை முதலில் சூடு தாங்கும் சிறு துண்டில் ஏற்றுகின்றனர். பின்னர் அத்துண்டைப் பெப்டைடுடன் பிணைக்கின்றனர். 2006-இல் மாரிக், சட்க்ளிஃப் ஆகியோர் இப்பிணைப்பைப் பத்தே நிமிடங்களில், 54 முதல் 99 விழுக்காடு விளைச்சலுடன் செய்து காட்டினர்.

நிமிடமே முதல்

இதன் பொருளாதாரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு தயாரிப்புக்கு 120 நிமிடங்கள் செல்லுமாயின், தொடக்கத்தில் இருந்த 100 பங்கில் 47 பங்கே எஞ்சும். அதையே 60 நிமிடங்களில் முடித்தால் சுமார் 69 பங்கு மிஞ்சும். மூலப்பொருளும் எந்திரமும் ஒன்றே; கூடுதலாகக் கிடைத்த 22 பங்கு காலத்தின் சேமிப்பு. ஆய்வுக்கூடத்தில் மிச்சமாகும் ஒரு மணி நேரம், மருந்து ஏற்றிய வண்டிக்குச் சாலையில் கிடைக்கும் ஒரு மணி நேரமாகும். சைக்ளோட்ரான் இல்லாத ஊரின் மருத்துவமனைக்கு அது எட்டுமா, எட்டாதா என்பதை இக்கணக்கே தீர்மானிக்கிறது.

எல்லைச் சிற்றூரிலிருந்து வருபவர் விடியுமுன் புறப்படுகிறார், எஃப்.டி.ஜி. ஏற்றப்படும்வரை மணிக்கணக்கில் உண்ணாதிருக்கிறார். துணைக்கு வருபவர் அன்றைய கூலியை இழக்கிறார். மருந்து தாமதித்தால் அவர்களது ஒரு நாள் வீணாகிறது. இவ்விழப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

செய்ய வேண்டுவன

மிகைப்படுத்திச் சொல்லவும் கூடாது. இன்று அன்றாடம் வழங்கும் எஃப்.டி.ஜி. கிளிக் முறையில் தயாராவதன்று. அம்முறையில் உருவான ஆர்.ஜி.டி.-கே5 போன்ற சில பொருள்கள் மனிதரிடம் ஆராயப்பட்டுள்ளன. பெரும்பாலானவை ஆய்வு நிலையிலேயே உள்ளன. எஞ்சும் செம்பை அறவே நீக்குவதும், ஒவ்வொரு தயாரிப்பின் தூய்மையையும் விரைந்து சோதிப்பதும் இன்றியமையாதவை.

அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இத்தகைய பொருளைக் கொள்முதல் செய்கையில் விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். நோயாளியின் படுக்கையருகே சேரும்போது எவ்வளவு கதிரியக்கம் எஞ்சும் என்பதை ஒப்பிடுங்கள். மாணவர்களுக்குச் சொல்வது: இத்துறைக்கு வேதியியலாரும் இயற்பியலாரும் மருந்தியலாரும் ஒருங்கே தேவை. இவ்வட்டாரத்துப் பள்ளிகளிலிருந்தும் அவர்கள் வரவேண்டும். புதிய மருந்து ஆய்வுக்கூடத்தில் பிறந்தால் மட்டும் வளர்ச்சி ஆகாது; அது வீரியம் குன்றுமுன் கடைக்கோடிச் சிற்றூரின் நோயாளிக்குக் கிட்டுவதே வளர்ச்சி.