சட்டம் நிலைக்கட்டும், முகப்பு மாறட்டும்



சுபாங் ஜெயா என்று நாம் அழைக்கும் நகரம் ஒரு காலத்தில் சீபீல்ட் ரப்பர் தோட்டமாக இருந்தது. 1976ஆம் ஆண்டு வாக்கில்தான் அங்கே வீடமைப்பு வேலை தொடங்கியது. 2020இல் அது மாநகரமாயிற்று. பால்மரம் வெட்டிய மக்கள் வாழ்ந்த அந்த வட்டாரத்தில், இன்று சன்வே பிரமிட் மாநாட்டு மையம் போன்ற பெரிய மண்டபங்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் வாணிகக் கண்காட்சிகள் நடக்கின்றன. முறுக்கு, ஊறுகாய், மசாலைத்தூள், தைத்த துணி, மணிமாலை என்று வீட்டிலிருந்தபடியே தொழில் செய்யும் நம் குடும்பங்களுக்கும் இத்தகைய கண்காட்சிகள் நல்ல வாய்ப்பு. ஆனால், பொருள் விற்று வந்த காசு முழுவதும் கடையை அலங்கரித்த பலகைக்கே போய்விட்டால் என்ன பயன்? ஆகவே, பொருத்தவும் கழற்றவும் கூடிய, பலமுறை பயன்படும் கண்காட்சிச் சாவடியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றி இன்று பேசுவோம்.

ரப்பரோடு தொடர்புடைய ஒரு வரலாற்றையே முதலில் சொல்கிறேன். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாது, குளிரில் வெடிக்காது என்று 1839இல் கண்டறிந்தவர் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர். அவர் கண்டறிந்த முறைதான் பிற்காலத்தில் ரப்பர் டயருக்கும், அதன் வழியாக நம் தோட்டங்களுக்கும் அடிப்படையாயிற்று. 1851இல் லண்டனில் உலகப் பெருங்கண்காட்சி நடந்தபோது, அவர் அங்கே ஓர் அரங்கம் அமைத்தார். சுவரும் ரப்பர், மேசை நாற்காலியும் ரப்பர்! அதற்கு ஏறக்குறைய 30,000 டாலர் செலவாயிற்று. அந்தக் காலத்தில் அது மிகப் பெரிய தொகை. 1855இல் பாரிஸ் கண்காட்சியில் அதைவிடவும் அதிகமாகச் செலவிட்டார். அந்த நேரத்தில் பிரான்சில் அவருடைய காப்புரிமை செல்லாமற்போய், வரவேண்டிய பணமும் நின்றது. கடன் கொடுத்தவர்கள் வழக்குப் போட, அவ்வாண்டு டிசம்பரில் அவர் பாரிஸ் சிறையில் அடைக்கப்பட்டார். 1860இல் அவர் இறந்தபோது கடன் ஏறக்குறைய இரண்டு லட்சம் டாலர். பொருள் உயர்ந்த பொருள்தான். அதைக் காட்டச் செய்த செலவோ விரலுக்குத் தகுந்த வீக்கமாக இல்லை.

அதே 1851 கண்காட்சியில் இன்னொரு மனிதரையும் பாருங்கள். கண்காட்சி நடந்த 'படிக மாளிகை' என்னும் கட்டடத்தை வடிவமைத்தவர் ஜோசப் பாக்ஸ்டன். அவர் தொடக்கத்தில் ஒரு தோட்டக்காரர். செடிகளுக்குக் கண்ணாடி வீடு கட்டிப் பழகியவர். இரும்புத் தூண், இரும்பு உத்தரம், கண்ணாடிச் சட்டம் எல்லாவற்றையும் ஒரே அளவில் ஆலையில் செய்து கொண்டுவந்து, இடத்தில் பொருத்தும்படி செய்தார். கண்ணாடித் துண்டுகள் மட்டும் ஏறக்குறைய மூன்று லட்சம்! கண்காட்சி முடிந்ததும் அந்தக் கட்டடத்தைக் கழற்றி, லண்டனிலேயே சிடன்ஹாம் என்னும் இடத்தில் இன்னும் பெரிதாக எழுப்பினார்கள். 1854இல் அது திறக்கப்பட்டது. 1936இல் தீக்கிரையாகும்வரை, எண்பத்திரண்டு ஆண்டுகள் அங்கே நின்றது. ஒரே அளவான துண்டுகள், எளிய பொருத்து, மறுபடியும் பயன் என்னும் மூன்றும்தான் இதன் இரகசியம்.

இன்றைய கண்காட்சி மண்டபங்களிலும் இதே முறைதான். ஒரு சாவடிக்குப் பெரும்பாலும் மூன்றுக்கு மூன்று மீட்டர் இடம் கொடுப்பார்கள். அலுமினியக் கம்பங்களின் பள்ளத்தில் ஒரு மீட்டர் அகலப் பலகைகளைச் செருகிச் சுவர் எழுப்புவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பின்பக்கம் மூன்று, இரு பக்கமும் மும்மூன்று. ஆக 9 பலகை, 10 கம்பம். மூலைச் சாவடியானால் 6 பலகை, 7 கம்பம் போதும். மூன்று மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் ஆழமும் கொண்ட சிறிய சாவடிக்கு 7 பலகை, 8 கம்பம். துண்டுகள் மாறுவதில்லை, வடிவம் மட்டும் மாறுகிறது.

ஆகையால், நாம் செய்யவேண்டிய முதல் காரியம், இடம் தருபவர் என்னென்ன தருகிறார் என்று எழுத்தில் கேட்டு வாங்குவது. சுவர், பெயர்ப்பலகை, விளக்கு, மின்செருகி, மேசை, நாற்காலி ஆகியவை வாடகையிலேயே அடங்கியிருக்கலாம். தருவதையே மறுபடியும் வாங்க வேண்டாம். அப்படியானால், நமக்கு வேண்டியது பெரும்பாலும் அடுக்குத் தட்டும் விளம்பரத் துணியும்தான்.

இரண்டாவது, சட்டத்தையும் முகப்பையும் தனித்தனியாக வாங்குங்கள். சட்டம் என்பது கம்பமும் தட்டும். முகப்பு என்பது அதன்மேல் மாட்டும் அச்சிட்ட துணி. 'தீபாவளி விற்பனை' என்றும் விலையென்றும் சட்டத்திலேயே எழுதிவிட்டால், அடுத்த மாதம் அது உதவாது. தொழிலின் பெயரை ஒரு துணியிலும், விலையைச் சிறு அட்டையிலும் எழுதுங்கள். விலை ஏறினால் அட்டையை மாற்றினால் போதும்.

மூன்றாவது, தட்டுகள் எல்லாம் ஒரே அளவாக இருக்கட்டும். ஒன்று உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் தனியாக வாங்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

நான்காவது, தூக்கிப் பாருங்கள். இரண்டு பெண்கள் படியேறித் தூக்க வேண்டும். மிக நீளமான துண்டு நம் காருக்குள் அடங்க வேண்டும். கடைக்குப் போகுமுன் காரின் உட்புறத்தை அளந்துகொள்ளுங்கள். இல்லையேல் ஒவ்வொரு முறையும் லாரி வாடகை சேர்ந்துவிடும்.

ஐந்தாவது, பொருளின் பாரத்தைப் பாருங்கள். மணிமாலை தாங்கும் தட்டு ஊறுகாய்ப் போத்தல்களைத் தாங்காது. மரத்தூள் பலகை நம் நாட்டு ஈரக்காற்றில் ஊதிப்போகும். அலுமினியமும் பூச்சுள்ள இரும்பும் நாள்படும். மாட்டும் துணி எளிதில் தீப்பற்றாத வகையாக இருக்க வேண்டுமா என்பதையும் மண்டபத்தாரிடம் கேளுங்கள்.

ஆறாவதுதான் முக்கியமானது. காசைக் கொடுக்குமுன், விற்பவர் எதிரிலேயே நீங்களே பொருத்துங்கள், நீங்களே கழற்றுங்கள். விற்பவர் கை பழகிய கை. இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார். கண்காட்சி முடியும் இரவில், களைத்துப்போன நம் கைதான் கழற்ற வேண்டும்.

இனி, வாங்கலாமா வேண்டாமா என்பதற்கு ஒரு கணக்கு. ஒருமுறை மட்டும் உதவும் பலகைச் சாவடிக்கு 600 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பலமுறை பயன்படும் சாவடி 1,800 வெள்ளி; ஒவ்வொரு முறையும் புதுத் துணிக்கு 50 வெள்ளி. மூன்று கண்காட்சிக்கு முன்னது 1,800, பின்னது 1,950. நான்கு கண்காட்சிக்கு முன்னது 2,400, பின்னது 2,000. நான்காவது முறையில்தான் லாபம் தொடங்குகிறது. எனவே, ஆண்டுக்கு ஒருமுறைதான் கடை போடுவீர்கள் என்றால் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். அல்லது நான்கு குடும்பங்கள் கூடி ஒன்றை வாங்கி, முறை வைத்துப் பயன்படுத்துங்கள். தோட்டத்துக் கோயிலுக்குப் பந்தற்கால்களையும் சமையல் பாத்திரங்களையும் பொதுவில் வாங்கி வைத்துப் பழகியவர்கள் நாம். இது நமக்குப் புதிதல்ல.

வாங்கியபின் பராமரிப்பும் உண்டு. துண்டுகளுக்கு எண் இடுங்கள். திருகாணிகளைத் தனிப் பையில் கட்டி, பெட்டியின் மூடியில் கணக்கை ஒட்டுங்கள். எண்ணிப் பார்க்கும் வேலையைப் பள்ளிப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம். அவர்களுக்கும் கணக்குப் பழகும்.

வாடிக்கையாளர் வருவது நம் முறுக்கின் ருசிக்காக. சாவடி அதைக் கண்ணில் படும்படி ஏந்தி நிற்க வேண்டும். அதன் விற்பனையை விழுங்கிவிடக் கூடாது. அடுத்த கண்காட்சிக்குப் பெயர் கொடுக்குமுன், ஒரு தாளை எடுத்து, எத்தனை முறை கடை போடுவோம் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். அதன்பின் கடைக்குப் போகலாம்.