பூட்டியிருக்கும் அறை



மாலையில் பள்ளி மணி அடிக்கிறது. பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள். கணினி அறைக்குப் பூட்டு விழுகிறது. ‘பிள்ளைகள் தொட்டால் கெட்டுப்போகும்’ என்பதே பல இடங்களில் நாம் கேட்கும் காரணம். தாலந்து உவமையின் மூன்றாம் பணியாளரும் அச்சத்தினால்தான் தலைவர் தந்ததை மண்ணில் புதைத்தார். அவர் திருடவில்லை, தொலைக்கவில்லை. ஆனாலும் தலைவர் அவரைப் பாராட்டவில்லை.

பக்கத்துக் கேரளத்தைப் பார்ப்போம். அங்கே 2018-ஆம் ஆண்டு அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் மாணவர் மன்றம் தொடங்கப்பட்டது. எட்டாம் வகுப்பில் சேரும் பிள்ளைகள் நிரல் எழுதவும், அசைபடம் செய்யவும், தாய்மொழியில் கணினியைக் கையாளவும் பழகுகிறார்கள். பள்ளிக் கணினிகளைப் பராமரிப்பதிலும் உதவுகிறார்கள். கெடுத்துவிடுவார்கள் என்று நாம் அஞ்சும் அதே வயதினர் அங்கே காப்பவர்களாக இருக்கிறார்கள்! 2022-இல் அவர்களே தாய்மார்களுக்கு இணையப் பாதுகாப்பையும் கற்றுக்கொடுத்தார்கள்.

‘நம் பிள்ளைக்கு ஆங்கிலம் வராதே’ என்று சிலர் தயங்கலாம். 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார் மக்களுக்குத் தம் மொழியைத் திணிக்கவில்லை. தாமே தமிழைக் கற்றார். இன்று முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்னும் நிரல்மொழியில் ‘பதிப்பி’, ‘ஆனால்’, ‘முடி’ என்று தமிழிலேயே கட்டளை எழுதலாம். பூ விற்கும் அம்மாவின் மகள், முழம் எத்தனை, விலை என்ன என்று கொடுத்து அன்றைய வரவைக் கணக்கிடும் நிரலை எழுதலாம். விடை தவறினால் யாரும் திட்டுவதில்லை. எந்த வரியில் பிழை என்று தேடித் திருத்துகிறாள். பொறுமையும் உண்மையும் இப்படித்தான் பழக்கமாகின்றன.

ஆனால் அந்த மகளால் மாலையில் வர முடியுமா? தம்பியைப் பார்க்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், பூக் கட்ட வேண்டும். அருள்சகோதரி மேரி கென்னத் கெல்லர் 1965-இல் அமெரிக்காவில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். கிளார்க் கல்லூரியில் கணினித் துறையைத் தொடங்கி இருபது ஆண்டுகள் நடத்தினார். தாய்மார்கள் கைக்குழந்தையோடு வகுப்புக்கு வருவதை அவர் ஊக்குவித்தார். நாமும் சொல்லலாமே: ‘தம்பியையும் கூட்டிக்கொண்டு வாம்மா’ என்று.

பெரிய செலவு ஏதுமில்லை. எழில் இலவசம். வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம் போதும். கல்லூரியில் படிக்கும் நம் பங்கு இளைஞர்கள் கற்றுக்கொடுக்கட்டும். அன்பியத்துப் பெரியவர்கள் இருவர் உடனிருந்து, இருட்டுவதற்குள் பிள்ளைகளை வீடு சேர்க்கட்டும். சாதி, மதம் பாராமல் தெருப் பிள்ளைகள் எல்லாரும் வரட்டும்.

சாவி நம் கையில் இருக்கிறது. திறக்கும் மனத்தை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.