நடக்கும் மரங்களா, மனிதர்களா?



மாற்கு நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில், பெத்சாய்தாவில் பார்வையற்ற ஒருவரை இயேசுவிடம் கூட்டி வருகிறார்கள். இயேசு அவருடைய கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துச் செல்கிறார். கூட்டத்தின் முன் அவரைக் காட்சிப்பொருள் ஆக்கவில்லை. கண்களைத் தொட்டபின், ஏதாவது தெரிகிறதா என்று அவரையே கேட்கிறார். மனிதர்கள் தெரிகிறார்கள், ஆனால் நடக்கும் மரங்களைப்போல் என்கிறார் அவர். ஆண்டவர் அத்துடன் விட்டுவிடவில்லை. மறுபடியும் தொடுகிறார். அவருக்கு எல்லாம் தெளிவாகிறது.

சில மாதங்களுக்கு முன் இரும்புலியூரில் எங்கள் பங்கில் இலவசக் கண் பரிசோதனை முகாம் நடந்தது. சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் படம் எடுத்தார்கள். வரிசையில் நின்ற வயதான தாய் ஒருவர் படிவத்தைக் காட்டி, “ஃபாதர், கண்ணுக்குள்ள எடுக்கிற படத்தை என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டார். படங்கள் ஆராய்ச்சிக்கும் பயன்படலாம் என்று அதில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. வரிசை நீளமாக இருந்தது. “ஒண்ணுமில்லம்மா, கையெழுத்துப் போடுங்க” என்று சொல்லிவிட்டோம். பங்குச்சாமியே சொல்கிறாரே என்று அவரும் போட்டார். அது எங்களை உறுத்திக்கொண்டே இருந்தது.

அத்தகைய படங்களால் பெரிய நன்மை உண்டு. சர்க்கரை நோய் விழித்திரையைக் கெடுக்கும்போது வலி தெரியாது. பார்வை மங்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அதை முன்கூட்டியே கண்டறியக் கணினிக்குக் கற்றுக்கொடுத்த ஆய்வைக் கூகுள் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்டார்கள். அதற்குப் பாடமாக அமைந்தவை 1,28,175 விழித்திரைப் படங்கள். அவை அமெரிக்காவிலிருந்தும், அரவிந்த், சங்கர நேத்ராலயா, நாராயண நேத்ராலயா ஆகிய நம் நாட்டுக் கண் மருத்துவமனைகளிலிருந்தும் வந்தவை, அடையாளம் நீக்கப்பட்டவை. 2019-இல் மதுரை அரவிந்த் மருத்துவமனையிலேயே அந்தச் செயற்கை நுண்ணறிவு பயன்பாட்டுக்கு வந்தது. கண் மருத்துவர் இல்லாத ஊருக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

அப்படியானால் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாமா? அல்லது பயந்து, கொடுக்கவே கூடாது என்று சொல்லலாமா? நம் மக்களின் படங்களைப் பார்க்காமல் கற்ற கருவி, நம் மக்களிடமே தவறக்கூடும். அப்போது இழப்பு ஏழைக்குத்தான். பெயரை நீக்கினால் அந்தரங்கம் காக்கப்படும். ஆனால் பின்னாளில் அந்தப் படத்தில் ஆபத்து தெரிந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? பெயரை வைத்திருந்தால், நோய் விவரம் வேலை கொடுப்பவர் வரை போய்ச்சேரலாம். 1928-இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியத்தின் அருகில் வாழும் நமக்கு, நோயின் பெயர் வெளியே தெரிந்தால் மனிதர் எப்படி ஒதுக்கப்படுவார் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், நோயாளியின் இசைவையும் அந்தரங்கத்தையும் வலியுறுத்துகின்றன. 2025 ஜனவரியில் திருப்பீடம் வெளியிட்ட ‘அந்திகுவா எத் நோவா’ ஏடு, செயற்கை நுண்ணறிவால் மருத்துவம் பணக்காரர்களுக்கே உரியதாகிவிடும் ஆபத்தை எச்சரிக்கிறது. பெத்சாய்தாவில் ஆண்டவர் செய்ததும் இதுதான்: மறைவாக அழைத்துச் சென்றார், அவரையே கேட்டார், முழுப் பலன் அவருக்குக் கிடைக்கும்வரை கையை எடுக்கவில்லை. ஆயிரமாயிரம் படங்களைப் பார்க்கும் கருவிக்கு மனிதர்கள் மரங்கள்தாம். இரண்டாம் முறை தொட வேண்டியது நாம்.

இரத்ததானம்போல் இதுவும் பிறர் வாழக் கொடுக்கும் ஈகையே. ஆனால் தெரியாமல் எடுக்கப்பட்டது எப்படி ஈகையாகும்?

அந்தத் தாயின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் விளக்கி, மன்னிப்புக் கேட்டோம். “கேட்டிருந்தா சந்தோஷமாவே குடுத்திருப்பேனே, ஃபாதர்” என்றார். அவர் கொடுக்கவிருந்த புண்ணியத்தை நம் அவசரம் பறித்துவிட்டது.

இனி எங்கள் முகாம்களில் படிவம் தமிழில் இருக்கும். இளைஞர்கள் அதை வாசித்து விளக்குவார்கள். வேண்டாம் என்பவருக்கும் அதே பரிசோதனை உண்டு. நோய் தெரிந்தால் சிகிச்சைக்கு யார் அழைத்துச் செல்வார் என்பதை முன்னரே கேட்போம். நீங்களும் உங்கள் ஊரில், கையெழுத்திடும் முன் கேளுங்கள். கேட்கத் தயங்குபவருக்காகவும் கேளுங்கள்.

ஆண்டவரே, எங்கள் கண்களை மறுபடியும் தொட்டருளும். மனிதரை மனிதராகக் காணச் செய்யும். ஆமென்.