மருந்தின் விலையும் ஓர் ஆய்வுப்பொருளே



மருந்தாளுநர் என்றவுடன், சாளரத்தின் பின்னின்று மாத்திரை எண்ணித் தருபவரே பலருடைய நினைவுக்கு வருவார். கூலிம், சுங்கைப்பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர்க்கு, டிரசர் ஐயா கொடுத்ததே மருந்து. ஏன், எவ்வளவு, எத்தனை நாள் என்று அவரிடம் வினவத் துணிந்தவர் சிலரே. அவ்வினாக்களையே தொழிலாகக் கொண்டது கிளினிக்கல் பார்மசி என்னும் துறை. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு நீரிழிவு மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டுமா? குருதி உறையாதிருக்க வார்ஃபரின் உண்பவர் வலிமாத்திரையையும் சேர்த்துக்கொண்டால் குருதிப்போக்கு நேருமா? இவற்றை நோயாளியின் படுக்கையருகே நின்று ஆராய்வது அதன் பணி.

நம் நாட்டில் மருந்தாளுநர்ப் பட்டக்கல்வி 1972இல் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இன்று கெடாவிலேயே, செமிலிங்கிலுள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் அதனைப் பயிலலாம். பட்டத்துக்கு நான்காண்டுகள்; பின் ஓராண்டுப் பயிற்சி. ஆய்வுத்துறையை நாடுவோர் முதுகலையும் முனைவர் பட்டமும் தொடர்வர்.

படுக்கையருகே எழும் எல்லா வினாக்களுக்கும் மருத்துவமனைக்குள் விடை கிடைப்பதில்லை. “மருந்தை ஏன் உட்கொள்ளவில்லை?” என்று கேட்டால், “வாங்க இயலவில்லை” என்று மறுமொழி வரும். மருந்துக் கொள்கை ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது.

ஹெப்பாடைட்டிஸ் சி, கல்லீரலைப் பல்லாண்டுகள் ஓசையின்றி அரிக்கும் நோய். அதனைப் பெரும்பாலோரிடம் முற்றும் நீக்கவல்ல சொஃபோஸ்புவிர் 2013 இறுதியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பன்னிரண்டு வாரச் சிகிச்சைக்கு விலை 84,000 டாலர். மாத்திரை ஒன்றுக்கு 1,000 டாலர்! மருந்து பிறந்துவிட்டது, நோயாளியின் கைக்குத்தான் எட்டவில்லை. 2017இல் மலேசிய அரசு, 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவைக் கையாண்டு, காப்புரிமையாளரின் இசைவின்றியே அதே மருந்தின் மலிவு வடிவத்தை அரசு மருத்துவமனைகளுக்குப் பெற வழிசெய்தது. (இரண்டிடத்தும் 84 வந்தது தற்செயலே.) 2003இல் எச்.ஐ.வி. மருந்துகளுக்கும் இவ்வழியே கைக்கொள்ளப்பட்டது. அன்று அவை இந்தியாவிலிருந்து வந்தன.

சட்டம் கதவைத் திறக்கும். மலிவு மருந்து நோயை நீக்கும் என்பதற்குச் சான்று ஆய்வே தரவேண்டும். சொஃபோஸ்புவிருடன் ராவிடாஸ்விர் என்னும் புதிய மருந்தைச் சேர்த்து, மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 நோயாளிகளிடம் ஆய்வு நடந்தது. சிகிச்சை முடிந்து பன்னிரண்டு வாரங்களுக்குப் பின் 97 விழுக்காட்டினரிடம் நோய்க்கிருமி காணப்படவில்லை. 2021இல் ராவிடாஸ்விர் மலேசியாவில் நிபந்தனையுடன் பதிவு பெற்றது. அவ்வாய்வு நடந்த இடங்களுள் அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனையும் ஒன்று. உலகம் படித்த அவ்வாய்வில் நம் நெல்வயல் நாட்டின் பங்கும் உண்டு என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

இத்துறைக்கு வேதியியலும் புள்ளியியலும் வேண்டும். சட்டவாசகத்தைப் பொறுமையாகப் படிக்கும் பழக்கமும் வேண்டும். தமிழறிவும் இங்கு வீண்போகாது. மருந்துறையில் அச்சிட்டதைப் படிக்கவியலாத தோட்டத்து மூதாட்டியிடம், “உணவுக்கு முன்” என்றால் எவ்வளவு நேரம் முன் என்பதை அவர் மொழியில் சொல்லி, அவர் உணர்ந்ததை அவர் வாயாலேயே கேட்டறிபவரே நம்பத்தக்க தரவைத் திரட்ட இயலும்.

2025 மே முதல் நாள் தொட்டுத் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைக் காட்சிப்படுத்த வேண்டும் என்பது நடைமுறைக்கு வந்துள்ளது. அதனால் மக்களுக்கு உண்டான பயன் என்ன? சுங்கைப்பட்டாணியில் பத்து மருந்தகங்களுக்குச் சென்று, மெட்ஃபார்மின் மாத்திரை ஒன்றின் விலையை மட்டும் குறித்து வாருங்கள். ஓர் ஆய்வேட்டின் முதல் அட்டவணைக்கு அதுவே போதும்.