கள்ளும் சூதும் கைபேசி ஆட்டமும்



திருக்குறளில் ஒரு வரிசையைக் கவனித்திருக்கிறீர்களா? 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. 94ஆம் அதிகாரம் சூது. அதனை அடுத்து வருவது மருந்து. கள், உடலுக்குள் செல்லும் பொருள். சூதோ வெறும் செயல். ஆயினும் இரண்டும் அங்கே அண்டை வீட்டாராக அமர்ந்திருக்கின்றன. மேலை நாட்டு மருத்துவம் இவ்வுறவை ஏற்க நெடுங்காலம் பிடித்தது. 2013இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் வெளியிட்ட நூலில்தான் சூதாட்ட நோய், போதைப்பொருள் நோய்களோடு ஒரே பிரிவில் சேர்ந்தது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற நோய்ப் பட்டியலில், சூதாட்ட நோய்க்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்றும் இடம் பெற்றது. அதுவே திரையாட்ட நோய். 2022 ஜனவரி முதல் அப்பட்டியல் நடைமுறையில் இருக்கிறது.

இந்த மூன்றாமவனை நான் நூலில் அறியவில்லை. எங்கள் ஆரம்பாக்கத்தில் அறிந்தேன். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் தடைப்படலாகாது என்று, மீன்பிடித் தொழிலாளர் ஒருவரை வற்புறுத்திக் கைபேசி வாங்கச் செய்தேன். அவர் கடன்பட்டு வாங்கினார். சில திங்கள் கழித்து என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஐயா, நீங்கள் சொன்னதற்காகத்தான் வாங்கிக் கொடுத்தேன். பையன் இரவெல்லாம் ஆடுகிறான், சோறு வேண்டாம் என்கிறான்" என்றார். எனக்கு நாணமாக இருந்தது.

குடிகாரன் கையிலிருந்து புட்டியைப் பறிப்பதுபோல் அவன் கைபேசியைப் பறித்துப் பூட்டி வைக்கச் சொன்னேன். பயன் யாது? அவன் நள்ளிரவில் அடுத்த வீட்டுக் கைபேசியை நாடினான். பின்னர் அவனை அருகே அமர்த்திக் கேட்டேன். அவன், "ஆட்டம் இப்போது பிடிக்கவேயில்லை ஐயா, நிறுத்தத்தான் தெரியவில்லை" என்றான். நோயின் இலக்கணம் அச்சொல்லில் இருக்கிறது. தன்னை அடக்க இயலாமை, பிற கடமைகளினும் ஆட்டமே பெரிதாதல், கேடு வந்த பின்னும் தொடர்தல். இம்மூன்றும் பொதுவாக ஓராண்டேனும் நீடித்தால் அது நோய் என்பர். ஆடுவோர் யாவரும் நோயாளர் அல்லர்; மிகச் சிலரே அந்நிலையை அடைகின்றனர்.

இனி ஒப்புமையைக் காண்போம். 1998இல் லண்டன் ஆய்வாளர்கள், திரையாட்டம் ஆடுவோரின் மூளையில் டோபமின் என்னும் பொருள் மிகுதியாக வெளிப்படுவதைக் கண்டனர். போதையும் சூதும் தூண்டுவது அதே பொருளைத்தான். பரிசு எப்போது வருமென்று தெரியாதபோது மனம் விட்டு விலகாது. சூதாடி அடுத்த காயை நம்புகிறான். சிறுவன் அடுத்த சுற்றை நம்புகிறான்.

வேற்றுமையும் உண்டு. நெடுநாட் குடியைத் திடீரென நிறுத்தினால் வலிப்புக் கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆட்டத்தை நிறுத்தினால் எரிச்சலும் உறக்கமின்மையும் வரலாம். அத்தகைய உடற்கேடு இல்லை. சூது பொருளைத் தின்னும். ஆட்டம் பொழுதைத் தின்னும். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டமும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையே குறிவைத்தன. சட்டம் பணப்பையைக் காக்கலாம். பொழுதைக் காப்பது யார்?

வலை வீசும் மீனவரும் நிச்சயமில்லாத பரிசை எதிர்பார்ப்பவரே அல்லவா? ஒருநாள் வலை நிறையும்; ஒருநாள் வெறுமையாய் வரும். எனினும் அவர் அதற்கு அடிமையாவதில்லை. ஏன்? தோள் வலிக்கிறது, காற்று மாறுகிறது, பொழுது சாய்கிறது. மேலும், பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. இன்ன இடத்தில் இன்றைக்கு இன்னார் முறை என்று வகுத்து வைத்த ஒழுங்கு அது. தம் முறை முடிந்தால் மற்றவருக்கு இடம் விடுதல் வேண்டும். ஏரி, 'போதும்' என்று சொல்லத் தெரிந்தது. கைபேசி ஆட்டத்திற்கு அச்சொல் தெரியாது. அதற்குக் கரையும் இல்லை, அந்தியும் இல்லை.

எனவே அம்மாணவனுக்கும் ஒரு பாடு வகுத்தோம். கைபேசிக்கு மாலையில் ஒரு மணி. பிறகு அது தந்தையின் கைக்குப் போகும். மற்றப் பொழுதில் கரைக்கு வந்து வலை பழுதுபார்க்கவும், சிறுவர்க்குக் கணக்குச் சொல்லித் தரவும் அழைத்தோம். அப்போதுதான் மற்றோர் உண்மை எனக்கு விளங்கிற்று. ஆட்டம் அவனை மணிக்கொரு முறை பாராட்டியது. என் வகுப்பறையிலோ ஆண்டு முழுவதும் அவன் ஒரு பாராட்டும் பெற்றதில்லை. பிழையில் எனக்கும் பங்குண்டு.

அவன் ஓராண்டுப் படிப்பை இழந்தான். இன்றும் ஆடுகிறான், ஆனால் தானே அணைத்துவிட்டு எழுகிறான்.

மாணவர்களே! உங்களில் எவரேனும் 'நிறுத்தத் தெரியவில்லை' என்னும் நிலையில் இருந்தால் வெட்கப்படாதீர்கள். பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். 14416 என்னும் டெலி மனாஸ் எண்ணை அழைத்தால் கட்டணமின்றி அறிவுரை கிடைக்கும். சூதுக்கு அடுத்த அதிகாரம் மருந்து என்பதை மறவாதீர்கள்.