மனமில்லாமல் போன மகன்

வானொலி மறையுரை: பொதுக்காலம் 26ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு
நற்செய்தி: மத்தேயு 21: 28-32



இன்றைய நற்செய்தியில் ஒரு தந்தை, இரண்டு மகன்கள், ஒரு திராட்சைத் தோட்டம். தந்தை முதல் மகனைத் தோட்டத்து வேலைக்கு அழைக்கிறார். தமக்குப் போக மனமில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். பிறகு மனத்தை மாற்றிக்கொண்டு போகிறார். இரண்டாமவர் மரியாதையாக ‘ஐயா’ போட்டு ஒப்புக்கொள்கிறார். ஆனால் போகவே இல்லை. தந்தையின் விருப்பத்தை நிறைவேற்றியவர் யார் என்று இயேசு கேட்கிறார். முதலாமவர்தான் என்று தலைமைக் குருக்களும் மூப்பர்களும் சொல்லி, தங்கள் வாயாலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்தப் பகுதியை நாம் மனமாற்றத்தைப் பற்றியதாகவே விளக்குவது வழக்கம். அது சரியும்கூட. இன்று அதற்குள் இருக்கும் ஒரு சிறிய இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம். மறுத்த மகன் தோட்டத்துக்குப் போனார். போனபிறகு அந்த வேலை அவருக்குப் பிடித்துப்போனதா? மத்தேயு எழுதவில்லை. இயேசுவும் அதைக் கேட்கவில்லை. வெயிலில் முதுகு வலிக்க, முணுமுணுத்துக்கொண்டேகூட அவர் களை எடுத்திருக்கலாம். ஆனால் பொழுது சாயும்போது தோட்டத்தில் வேலை நடந்திருந்தது. தந்தையின் விருப்பம் நிறைவேறியது என்பதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்று கேட்கலாம். முதல் வெள்ளிதோறும் நோயாளர்களுக்கு நற்கருணை கொண்டுபோகிறோம். பொம்மிடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் படுத்த படுக்கையாய் ஒரு பெரியவர் இருக்கும் வீடுகள் பல. பாட்டிக்கு நன்மை கொடுத்துவிட்டு வெளியே வரும்போது, அந்த வீட்டு மருமகளோ மகளோ வாசல் வரை வருவார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுவார். “சாமி, எல்லாரும் என்னைப் புண்ணியவதின்னு சொல்றாங்க. எனக்கில்ல தெரியும். கழுவும்போது குமட்டுது. ராத்திரி கூப்பிட்டா எரிச்சல் வருது. எப்ப முடியும்னு இருக்குது. அன்பே இல்லாம செய்யறேன். இது வேஷம்தானே சாமி?” ஒரு வீட்டில் மட்டும் கேட்ட பேச்சல்ல இது. வார்த்தைகள்தான் வீட்டுக்கு வீடு மாறும்.

அவர் செய்வது என்ன என்று பாருங்கள். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப்புண் வந்துவிடும். துணி மாற்ற வேண்டும். கஞ்சியை நிதானமாகப் புகட்ட வேண்டும், அவசரப்பட்டால் புரையேறும். அதற்கு நடுவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், புளிக் காலத்தில் கூலிக்குப் புளி உடைத்துக் கொட்டை எடுக்க வேண்டும். இத்தனையும் செய்துவிட்டு, தம்மிடம் அன்பில்லை என்கிறார்.

அந்தச் சகோதரிக்கு நாம் சொல்லவேண்டியது இதுதான்: குமட்டல் உடம்பின் வேலை. எரிச்சல் தூக்கம் கெட்டதன் விளைவு. முடிந்தால் போதும் என்று நினைப்பது, அத்தை சாகவேண்டும் என்று விரும்புவதாகாது. களைத்த மனிதர் ஓய்வைக் கேட்கிறார், அவ்வளவுதான். கெத்சமனியில் நம் ஆண்டவரே அந்தத் துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகலவேண்டும் என்று மன்றாடினார். ஒருமுறை அல்ல, மூன்றுமுறை மன்றாடினார் என்கிறார் மத்தேயு. சிலுவை தமக்குப் பிடித்திருக்கிறது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. பிடிக்காமலே எழுந்து போனார். அதை வேஷம் என்று யாராவது சொல்வோமா?

அன்பு என்றால் உள்ளே பொங்கும் உணர்ச்சி என்று நமக்குச் சினிமா கற்றுக்கொடுத்திருக்கிறது. சில சமயம் நம் தியானங்களும் கற்றுக்கொடுக்கின்றன. உணர்ச்சி இருந்தால் நல்லது. அது கடவுளின் கொடை. இல்லாதபோது என்ன செய்வது? இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே, நம் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு பாடம் உண்டு. வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரி என்ற ஊர். 1955இல் அங்கே தொழுநோயாளருக்கான மருத்துவமனையும் ஆராய்ச்சி நிலையமும் தொடங்கின. அதன் பணிக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் மருத்துவர் பால் பிராண்ட். நமக்கு அதிகத் தொலைவில்லாத கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். ஆங்கிலேயப் பெற்றோரின் பிள்ளை. அவர்கள் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர், ஆனால் மலைமக்களுக்காக உழைத்தவர்கள்.

தொழுநோயில் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்றுதான் அந்தக் காலத்தில் பெரும்பாலோர் நம்பினார்கள். பிராண்டும் அவரோடு உழைத்தவர்களும் கூர்ந்து கவனித்தபோது வேறொன்று தெரிந்தது. நோய் நரம்பைக் கெடுத்துவிடுகிறது. அதனால் வலி தெரிவதில்லை. கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கினாலும் தெரியாது, செருப்பைத் துளைத்து ஆணி ஏறினாலும் தெரியாது. காயத்தின் மேல் காயமாகச் சேர்ந்துதான் விரல் போகிறது. இன்று தொழுநோயை மருந்தால் குணமாக்கிவிடலாம். ஆனால் முற்றிலும் மரத்துப்போன பாதத்துக்குப் பெரும்பாலும் உணர்ச்சி திரும்புவதில்லை. ஆகவே குணமான பிறகும், வாழ்நாள் முழுவதும், அவர் தினமும் ஒரு வேலை செய்தாக வேண்டும். பாதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து, எண்ணெய் தடவி, உள்ளங்காலைத் திருப்பிக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். எங்காவது சிவந்திருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா என்று தேட வேண்டும். சலிப்பான வேலை. செய் என்று தூண்ட வலி இல்லை. செய்ததில் இன்பமும் இல்லை. பார்க்காமல் விட்டால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. சில மாதங்களில் கால் போய்விடும். (சர்க்கரை நோயுள்ள நேயர்களே, உங்கள் மருத்துவரும் உங்களுக்கு இதையேதான் சொல்லியிருப்பார். நேற்று இரவு பாதத்தைப் பார்த்தீர்களா?)

உணர்ச்சி சொல்லாத இடத்தில் நேரம் சொல்ல வேண்டியிருக்கிறது. மாலை ஆறு மணி ஆயிற்றா, பாதத்தைப் பார். மனம் வரட்டும் என்று காத்திருப்பவர் காலை இழந்துவிடுவார். ஆன்மாவிலும் இப்படி மரத்துப்போகும் காலங்கள் வரும். செபம் செய்தாலும் உள்ளே ஒன்றும் அசையாது. அப்போதும் நம்மைக் காப்பது குறித்த நேரத்தில் முழங்கால் போடும் பழக்கம்தான்.

நம் ஊரில் இதற்கு ஒரு சாட்சி தினமும் நடந்து போகிறது. சென்னைக்கும் சேலத்துக்கும் போகும் இரயில்கள் நம் பொம்மிடி வழியாகத்தான் ஓடுகின்றன. ஆனால் அந்தத் தண்டவாளத்தில் நடந்து போகும் கீமேனை நாம் எத்தனை பேர் கவனித்திருப்போம்? தோளில் சுத்தியல், கையில் சிவப்பு, பச்சைக் கொடிகள். தமக்கென்று குறித்த எல்லைவரை போய்த் திரும்புகிறார். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் கிளிப்புகளில் எது தளர்ந்திருக்கிறது என்று பார்த்து, அடித்து இறுக்குகிறார். சித்திரை வெயிலில் இரும்பு விரிந்து நெளியும். மார்கழிக் குளிரில் சுருங்கி வெடிக்கும். ஆகவே இரண்டு காலத்திலும் கூடுதல் கவனம் வேண்டும். குளிர்காலத்தில் இரவிலும் ரோந்து நடக்கிறார்கள். பெரும்பாலான நாள்களில் அவர் கண்ணில் பெரிதாக ஒன்றும் படுவதில்லை. நேற்றும் இல்லை, இன்றும் இல்லை, நாளையும் போகவேண்டும். இரவு இரயிலில் நாம் தூங்கிக்கொண்டே ஊர்போய்ச் சேர்கிறோம்.

குருக்களாகிய எங்களுக்கும் இப்படி ஒன்று உண்டு: பங்குப் பதிவேடுகள். குருவானவர்கள் விரும்பிச் செய்யும் வேலைகளில் அதைச் சேர்க்க முடியாது. திருமுழுக்குப் பெற்றவர் பெயர், பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், நாள் என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். வேறு ஊரில் திருமணம் ஆனால் அந்தச் செய்தி வந்தவுடன் பழைய ஏட்டை எடுத்து அதன் பக்கத்தில் குறித்துவைக்க வேண்டும். திருச்சபைச் சட்டம் அப்படி. முப்பது ஆண்டு கழித்துப் பெங்களூரிலிருந்து ஒரு பிள்ளை வந்து, திருமணத்துக்குச் சான்றிதழ் வேண்டும் என்று நிற்கும். என்றோ ஒருநாள் மதிய வெக்கையில், கொட்டாவி விட்டுக்கொண்டே ஒரு சாமியார் எழுதிய வரி அன்று கைகொடுக்கும்.

இன்று அக்டோபர் முதல் நாள், குழந்தை இயேசுவின் புனித தெரசாவின் விழாநாள். ஞாயிறு வந்துவிட்டதால் வழிபாட்டில் அவர் ஒதுங்கி நிற்கிறார்; அது அவருக்குப் பழக்கமான இடந்தான். 1873இல் பிறந்தவர். 2023இல் அவர் பிறந்து 150 ஆண்டுகள் நிறைந்தன. பதினைந்து வயதில் லிசியே நகரின் கார்மேல் மடத்தில் சேர்ந்து, இருபத்து நான்காம் வயதில் இறந்தார். சிறுமலர் என்கிறோம், ரோஜாப் பூக்களோடு படம் மாட்டுகிறோம். அவர் தாமே எழுதிவைத்த ஒரு நிகழ்ச்சியைப் படித்தவர்களுக்கு அந்தப் பூவின் முள்ளும் தெரியும்.

அந்த மடத்தில் புனித பேதுருவின் சகோதரி என்ற பெயரில் நோயாளியான முதிய கன்னியர் ஒருவர் இருந்தார். அவரைத் திருப்திப்படுத்துவது எளிதல்ல என்று எல்லாருக்கும் தெரியும். மாலையில் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, கோவிலிலிருந்து உணவறைக்கு அவரை யாராவது அழைத்துப் போகவேண்டும். தெரசாவுக்கு அதில் விருப்பமில்லை. இருந்தும் தாமே முன்வந்தார். முதியவர் தம் மணற்கடிகாரத்தை அசைத்துக் காட்டினால், கிளம்பலாம் என்று பொருள். முக்காலியை இன்ன விதமாக எடுக்க வேண்டும். அவருடைய இடைக்கச்சையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். கொஞ்சம் வேகமானால், விழப்போகிறேன் என்று சத்தம். மெதுவானால், உன் கை எங்கே, காணோமே என்று சத்தம். இவ்வளவு சின்னப் பெண்ணிடம் என்னை ஒப்படைத்துவிட்டார்களே என்ற புலம்பல் வேறு. உணவறையில் உட்காரவைத்து, அங்கியின் கைகளை அவர் விரும்பும் விதமாக மடித்துவிட வேண்டும். அதோடு வேலை முடிந்தது, போய்விடலாம்.

ஆனால் முடங்கிய கைகளால் ரொட்டியைத் துண்டாக்க அந்த முதியவர் படும் பாட்டைத் தெரசா ஒருநாள் கவனித்தார். அன்றுமுதல் அதையும் செய்துவிட்டுத்தான் போனார். போகுமுன் ஒரு புன்னகை. அவர் கேட்காமலே செய்த இந்த ரொட்டி வேலையும் அந்தப் புன்னகையுமே கடைசியில் அவர் மனத்தைக் கவர்ந்துவிட்டன.

அந்தப் புன்னகை வேஷமா? உள்ளே பொங்கியதால் வந்த புன்னகை அல்ல என்பது உண்மை. கொடுப்பது என்று முடிவுசெய்து கொடுத்த புன்னகை. பசித்தவருக்கு நாம் நீட்டும் சோறு, நமக்குப் பசியில்லாவிட்டாலும் சோறுதானே!

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த மறையுரை தவறான கைகளுக்குப் போய்விடும். பிடிக்காத வேலை எல்லாம் சிலுவை என்று நாம் சொல்லவில்லை. மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளுவதை நம் நாட்டுச் சட்டம் 1993இலும், இன்னும் கண்டிப்பாக 2013இலும் தடைசெய்திருக்கிறது. அதைச் செய்யச் சொல்லி யாரையும் அனுப்பிவிட்டுப் பொறுமையைப் போதிப்பது பாவம். வீட்டுக்குள்ளும் அப்படித்தான். அருவருப்பான வேலை எப்போதும் ஒரே ஆள் தலையில் விழுந்தால், அதுவும் எப்போதும் மருமகள் தலையிலேயே விழுந்தால், அதற்குப் பெயர் சிலுவை அல்ல, மற்றவர்களின் சோம்பல். சிலுவையைக்கூட ஆண்டவர் கடைசிவரை தனியாகச் சுமக்கவில்லை. சீமோன் என்ற சிரேன் ஊர்க்காரரும் தூக்கினார். அவரும் விரும்பி வரவில்லை, பிடித்து இழுத்துவந்தார்கள்.

மகன்களே, தாயின் துணியை மாற்ற உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். இருக்கட்டும். கூச்சத்தோடே செய்யுங்கள். பேரப் பிள்ளைகள் தாத்தாவுக்குக் கஞ்சி புகட்டலாம். அரசின் உதவியையும் கேட்டு வாங்குங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டத்தை 2021 ஆகஸ்டில் தொடங்கியது நம் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். படுத்த படுக்கையானவர்களின் வீட்டுக்கே வந்து வலி தணிக்கும் கவனிப்பும் இயன்முறைச் சிகிச்சையும் தருவது அதில் ஒரு பகுதி. உங்கள் ஊர்ச் சுகாதாரச் செவிலியரிடம் பெயரைக் கொடுங்கள்.

இப்போது வானொலியை நிறுத்திவிட்டு, வீட்டில் உள்ள எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். ஒரு காகிதத்தில் இரவு நேரங்களை எழுதுங்கள்: பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. பாட்டியைப் புரட்டிப் படுக்கவைக்கும் முறை எது யாருடையது என்று எதிரே பெயரைப் போடுங்கள். இரண்டு மணிக்கு எழுந்திருக்க யாருக்கும் மனம் வராது. அந்த இடத்தில் முதலில் யார் பெயரை எழுதுவது என்று வீட்டுத் தலைவரே தொடங்கிவைக்கட்டும்.