ஷிவ் நாடார்: கால்குலேட்டரில் தொடங்கிய கணினித் தொழில்

இந்தியாவில் நுண்கணினி செய்து விற்ற முதல் தலைமுறைத் தொழில்முனைவோருள் ஒருவரான ஷிவ் நாடார், 1945 ஜூலை 14 அன்று திருச்செந்தூரை அடுத்த மூலைப்பொழியில் பிறந்தார். அன்று அது திருநெல்வேலி மாவட்டம். தாயார் வாமசுந்தரி தேவி, தினத்தந்தி நிறுவனர் சி. பா. ஆதித்தனாரின் உடன்பிறந்தவர். கும்பகோணத்திலும் மதுரையிலும் பள்ளிப்படிப்பு, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் புகுமுக வகுப்பு, கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் மின்பொறியியல். 1967இல் புனேயில் வால்சந்த் குழுமத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், பிறகு டெல்லிக்குப் போய் டி.சி.எம். நிறுவனத்தில் அமர்ந்தார்.

1975இல் அர்ஜுன் மல்ஹோத்ரா, அஜய் சௌத்ரி முதலிய சகாக்களுடன் அங்கிருந்து வெளியேறி மைக்ரோகாம்ப் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். போட்ட முதல் 1,87,000 ரூபாய். இலக்கு கணினி, கைவசம் இருந்ததோ கால்குலேட்டர் வியாபாரம். அந்த வரும்படிதான் அடுத்த கட்டத்துக்குக் கைகொடுத்தது.

கணினி செய்யத் திறமை மட்டும் போதாது, அரசின் உரிமமும் வேண்டும். உரிமங்களின் காலம் அது. உத்தரப் பிரதேச அரசின் மின்னணுக் கழகம் 26 விழுக்காடு பங்கு எடுத்துக்கொள்ள, 1976இல் ஹிந்துஸ்தான் கம்ப்யூட்டர்ஸ், அதாவது எச்.சி.எல்., உருவானது. திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர் தொடங்கிய நிறுவனம் அம்மாநிலத்தின் நொய்டாவில் வேரூன்றியதன் பின்னணி இதுதான். சொந்த முயற்சியால் முளைத்த நிறுவனம் என்று மட்டும் இதைச் சொல்வது பாதிக் கதை. ஒரு மாநில அரசு கூட்டாளியாக நின்றது மறு பாதி.

1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், வெளிநாட்டு நிறுவனங்கள் தம் பங்கை 40 விழுக்காட்டுக்குக் குறைக்கச் சொன்னது. ஐ.பி.எம். உடன்படாமல் 1978இல் நாட்டை விட்டுப் போனது. அது இங்கே வாடகைக்கு விட்டிருந்தவை பெரும்பாலும் மேல்நாட்டில் பயன்படுத்தித் தள்ளப்பட்ட 1401 ரகப் பழைய இயந்திரங்கள். அந்த வெற்றிடத்தில் டி.சி.எம்., விப்ரோ, ஐதராபாத்தின் அரசு நிறுவனமான ஈ.சி.ஐ.எல். ஆகியவற்றோடு எச்.சி.எல்.லும் இறங்கியது. அதே 1978இல் வெளிவந்தது அதன் 8சி நுண்கணினி. ஆப்பிள்-2 சந்தைக்கு வந்து ஓராண்டே ஆகியிருந்தது. சில்லுகள் வெளிநாட்டவை, அவற்றைக் கோத்துக் கணினியாக்கிய வடிவமைப்பு இங்கே செய்யப்பட்டது.

1984 நவம்பரில் வந்த புதிய கணினிக் கொள்கை இறக்குமதிக் கெடுபிடிகளைத் தளர்த்தியது. எச்.சி.எல். குழுவினர் வெளிநாடுகளில் தனிநபர் கணினிகளை வாங்கிவந்து, கழற்றி, பலகை பலகையாக ஆராய்ந்து, 1985இல் பிஸிபீ என்ற கணினியைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். பார்த்துச் செய்தது என்று இதைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. அன்று தைவானும் கொரியாவும் செய்ததும் அதுதான்.

இதற்கிடையே 1980இல் சிங்கப்பூரில் ஃபார் ஈஸ்ட் கம்ப்யூட்டர்ஸ், 1981இல் கணினிப் பயிற்சிக்கு என்.ஐ.ஐ.டி. என்று தொழில் கிளைவிட்டது. பயிற்சி பெற்ற ஆள் இல்லாத ஊரில் கணினி விற்காது என்ற கணக்கு சரியாகவே இருந்தது. 1980களின் இறுதியில் அமெரிக்காவில் வன்பொருள் விற்க எடுத்த முயற்சி மட்டும் பலிக்கவில்லை. அங்கு போன பொறியாளர்கள் மென்பொருள் சேவைக்குத் திரும்பினர். 1991இல் ஹியூலெட் பேக்கார்டு பங்குதாரராகச் சேர்ந்தது. பின்னாளில் குழுமத்துக்குப் பெரும் வருவாய் தந்தது மென்பொருளே. 2013இல் எச்.சி.எல். இன்ஃபோசிஸ்டம்ஸ் தனிநபர் கணினி உற்பத்தியை நிறுத்தியது.

தந்தை சிவசுப்பிரமணிய நாடாரின் பெயரில் 1996இல் அவர் நிறுவிய எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரி, கேளம்பாக்கத்தை அடுத்த காலவாக்கத்தில் இருக்கிறது. 2008இல் பத்மபூஷண் விருது பெற்றார். 2020இல் எச்.சி.எல். டெக்னாலஜிஸ் தலைவர் பொறுப்பு மகள் ரோஷிணியிடம் சென்றது.

ஷிவ் நாடாரைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி சொத்து மதிப்பையும் கொடையையும் பற்றியவை. ஆகவே 8சி, பிஸிபீ கணினிகளின் சுற்று வரைபடங்களையும் கையேடுகளையும், அவற்றைச் செய்த பொறியாளர்களின் வாய்மொழியையும் தேடித் தொகுப்பதை கணினி வரலாற்று ஆய்வாளர்கள் முதல் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.